கடைசி பெஞ்சில் கோச்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கணக்கு டீச்சர். கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இதையும் எத்தனையோ முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். விடைதான் வரவில்லை. ஆனால் நடந்தது நிஜம்.

எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில், கேலரிக்கு அடியில் நீளமாக ஓர் அறை இருக்கிறது. மூட்டை முடிச்சு கிடந்த அந்த இடத்தை, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிய கோச் வகுப்பறையாக மாற்றியிருந்தார். பாடம் படிக்காதவர்கள் பந்தைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வகுப்பும் ஆட்டம் மாதிரியேதான் நடக்கும். நாற்பத்தைந்து நிமிடம் படிப்பு, இடைவேளை, மறுபடி நாற்பத்தைந்து. தூங்கி வழிந்தால் மஞ்சள் அட்டை. அவர் விசில் ஊதாமல், பாடம் எடுக்கும் நான்கூட எழுந்திருக்க முடியாது. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்த அறையின் கூச்சல்தான் எனக்கு வீடு.

ஒரு நாள் வாயாடிப் பெண் ஒருத்தி கேட்டாள். "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க, கோச்?"

கோச் விசிலை ஊதி வகுப்பைக் கலைத்துவிட்டார். மறுநாள் கடைசி பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார், பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறாராம். தலை முழுக்க நரைத்த மனிதர்! மற்ற பாடங்களில் எப்படியோ தட்டுத் தடுமாறித் தேறிவிட்டார். கணக்கு மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. முக்கோணம் வரைந்தால் முனைகளுக்கு ஏ, பி, சி என்று போடமாட்டார். 7, 9, 10 என்று ஜெர்சி நம்பர்தான் போடுவார்.

"ஒன்பதுகிட்டேர்ந்து பத்துக்கு பாஸ் போகுதுன்னு நெனச்சாத்தான் எனக்குப் புரியுது, டீச்சர்" என்பார். திட்டித் திட்டி எனக்குத்தான் தொண்டை வற்றும்.

கணக்கு மறுதேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. அதே வாரம் மைதானத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பயிற்சி வேறு மைதானத்துக்குப் போனது. பிள்ளைகளும் போய்விட்டார்கள். நான் மட்டும் மாலையானால் அறையைத் திறந்து, காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் போக வேறு இடமில்லை.

தேர்வுக்கு முந்தின நாள். நல்ல மழை. ஏழு பத்துக்கு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"யாருக்காகம்மா இன்னும் உக்காந்திருக்கீங்க?"

"மழை விடட்டும்ணே."

"போறப்போ பூட்டிடுங்க." அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது.

மழையும் அதே நொடியில் நின்றது. யாரோ கையால் வாயைப் பொத்தியதுபோல.

அப்புறம் வெளி வராந்தாவில்...

டக்... சர்ர்ர்... டக்... சர்ர்ர்...

பூட்ஸின் குமிழ்கள் சிமெண்டில் படும் சத்தம். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. பழைய காயத்தால் கோச்சுக்கு இடது முழங்கால் மடங்காது.

கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் உள்ளே வந்தது.

என்னைத் தாண்டிப் போனது. ஈரப் புல் வாசனை.

கரும்பலகையில் சாக்பீஸ் உராய்ந்தது. நீளமாக மூன்று கோடு. அப்புறம் சின்னச் சின்னதாக...

கை கால் விறைத்துப்போனது. வாய் மட்டும் தானாகப் பேசியது. இத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"ஏ, பி, சி-ன்னு போடுங்க, கோச். இல்லேன்னா மார்க் குறைச்சிடுவாங்க."

சாக்பீஸ் நின்றது.

மூச்சுச் சத்தம். என்னுடையது இல்லை.

விசில்! என் காதுக்குப் பக்கத்தில்.

விளக்கு எரிந்தது. அறையில் யாரும் இல்லை. பலகையில் ஒரு கோடுகூட இல்லை. மேசையில் வைத்திருந்த முழு சாக்பீஸைக் காணோம். பூட்டக்கூட நிற்காமல் ஓடினேன்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தனியாக இருந்து புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அடுத்த வாரம், தேர்வு மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் ஒருத்தி என்னோடு டீ குடித்தாள். வெளியூர்க்காரி. கோச்சை அவளுக்குத் தெரியாது.

"உங்க ஊர்ல பேய் பிசாசு எதாவது இருக்கா?" என்று சிரித்தாள். "கணக்குப் பரீட்சையன்னிக்கு கடைசி மேசைக்காரர் வரவே இல்ல. காலியாத்தான் கெடந்துச்சு. பரீட்சை முடிஞ்சு பார்த்தா, மேசை மேல சாக்பீஸால முக்கோணம்! ஒருத்தரும் எழுந்திருக்கலப்பா. நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"முனையில என்ன எழுதியிருந்தது?"

"ஏழு, ஒன்பது, பத்துன்னு போட்டு, அடிச்சிருந்தது. பக்கத்துல ஏ, பி, சி."

"கணக்கு சரியா?"

"கடைசி ரெண்டு வரி எழுதல. நேரம் பத்தல போலிருக்கு."

மறுதேர்வு மறுபடியும் வரும். நான் இப்போதும் மாலையானால் அறையைத் திறக்கிறேன். மேசையில் ஒரு முழு சாக்பீஸ் வைக்கிறேன். பயம்தான்... ஆனால் விசில் ஊதாமல் எழுந்து போக முடியவில்லை.