பல்டியாரும் பெனால்டியும்

பஸ் டெப்போ கால்பந்து அணியின் கோல்கீப்பருக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, யாருக்கும் நினைவில்லை. பல்டியார் என்றால்தான் தெரியும். நடுவர் பெனால்டிக்கு விசில் ஊதியதும் மனிதர் இரண்டு கம்பங்களையும் தட்டிக்கொடுப்பார், அவற்றோடு ஏதோ ரகசியம் பேசுவார், கையுறையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்வார். பிறகு இடப்பக்கமோ வலப்பக்கமோ பறப்பார் பாருங்கள், அடடா! பந்து மறுபக்கமாகச் சாவகாசமாய் வலைக்குள் போய் உட்காரும். அதைப் பற்றி யாருக்கென்ன கவலை? கைதட்டல் காதைப் பிளக்கும்.

கோல்கீப்பர் பிழைப்பே ஒரு தினுசுதான். பத்துப் பேர் ஒரே நிறத்தில் சட்டை போட்டால் இவர் மட்டும் வேறு நிறத்தில் நிற்க வேண்டும். திட்டுவதற்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா? முன்னால் ஆடுகிறவன் எத்தனையோ வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஒரு கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். இவர் எத்தனையோ பந்தைப் பிடித்து ஒன்றைக் கோட்டைவிட்டால் குடும்பத்தையே இழுப்பார்கள்.

இதையெல்லாம் பல்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம் டயர். வொர்க்‌ஷாப்பில் அவர் டயர் கழற்றுகிறவர். துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டியே முதுகு ஒடிந்து போயிருந்தது. நன்றாகப் பாய்கிறார் என்று அணியில் சேர்த்த மேனேஜர்தான் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார். மின்விசிறி, நாற்காலி, கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்கிற வேலை. அணியில் இடம் போனால் அந்த நாற்காலியும் போய்விடும்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வாரமே அரையிறுதி ஆட்டம், கடைசி நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. குனியவே முடியாதவர் எங்கே பாய்வது? நடுவில் மரம் மாதிரி நின்றார். இவர் எப்படியும் பறந்துவிடுவார் என்று நம்பியவன் பந்தை நேராக நடுவில் உதைத்தான். அது இவர் வயிற்றில் மோதிக் கீழே விழுந்தது. வாழ்நாளில் அவர் தடுத்த முதல் பெனால்டி அது. டெப்போ ஜெயித்தது.

தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள் என்று பார்த்தால், கைதட்ட ஒரு ஈ காக்கை இல்லை. பல்டி பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். மேனேஜர் முகம் கடுகடுவென்றிருந்தது.

“பந்து தானா வந்து உங்க மேல பட்டுச்சு. நீங்க என்ன செஞ்சீங்க? சும்மா நின்னீங்க. அக்கறை இருக்கிறவன் இப்படியா நிப்பான்? இன்னொரு தரம் நின்னீங்கன்னா, நேரா டயர் கழட்டப் போயிடுங்க.”

தடுத்ததற்கா இந்தத் திட்டு என்று வீட்டில் மனைவி மேனேஜரை வறுத்தெடுத்தாள். இனிமேல் நடுவிலேயே நில்லுங்கள், பந்து நின்றால் போதாதா என்றாள்.

இறுதி ஆட்டத்துக்குள் இடுப்பு சரியாகிவிட்டது. இரண்டு அணியும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தபோது, முடிகிற நேரத்தில் மறுபடியும் பெனால்டி. அடிக்க வந்தவர் எதிரணியின் லாரி டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உதைக்கிறவர் அவர். அது ஊரறிந்த சங்கதி. பல்டியார் நின்றால் போதும், கோப்பை கைநழுவாது. ஆனால் இன்றைக்கென்று பார்த்து அந்த ஆள் ஓரத்தில் அடித்துத் தொலைத்தால்? நின்று தோற்றவனை மேனேஜர் சும்மா விடுவாரா? பாய்ந்து தோற்றவனை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

பாய்ந்தார். அப்படியொரு பாய்ச்சலை அந்த மைதானம் அதுவரை கண்டதில்லை. பந்து அவர் நின்றிருந்த இடத்தின் வழியாக உள்ளே போயிற்று.

கோப்பை போனது. கைதட்டலோ ஓயவே இல்லை. மேனேஜர் ஓடிவந்து அவர் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கையாலேயே தட்டிவிட்டார். மேனேஜருக்குக் கண் கலங்கியிருந்தது.

“உயிரைக் கொடுத்துப் பாஞ்சீங்களே, அது போதும். கோப்பை கிடக்குது விடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அழுக்குச் சட்டையை வாங்கிக்கொண்டு மனைவி கேட்டாள்.

“அந்தாளு நடுவுலதான் அடிப்பாருன்னு எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் பல்டியார். “காலையில சீக்கிரம் எழுப்பு. ஸ்டோருக்குப் போகணும்.”