நாலாவது கொக்கியில் சாவி

மூன்று வருடங்களுக்கு முன், சம்பா அறுவடை முடிந்த மாசி மாதத்தில், முத்துப்பேட்டைக் கடலில் நடந்தது இது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் பொருட்களைப் பராமரிப்பது என் வேலை. கடலடிப் புற்களைக் கணக்கெடுக்க ஸ்கூபா கருவியுடன் மூழ்கும் இரண்டு ஆய்வாளர்களோடு என்னையும் அனுப்பியிருந்தார்கள். மூழ்குபவருக்கு ஏதாவது ஆனால் உடனே கொடுக்க வேண்டிய ஆக்சிஜன் சிலிண்டர் என் பொறுப்பு.

அதன் திருகைத் திருப்பித் திறக்க ஒரு சிறிய சாவி வேண்டும். வந்தபோது சாவி சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றால் கட்டியிருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடிக்குமே என்று நான்தான் அவிழ்த்து, கரையில் நாங்கள் தங்கிய அறையில், பெயர் எழுதி நாலாவது கொக்கியில் மாட்டினேன். தினமும் காலையில் அங்கேயே திறந்து, அழுத்தம் பார்த்து, மூடி, நோட்டில் எழுதுவேன். சாவியைத் திரும்ப மாட்டிவிட்டுச் சிலிண்டரைப் படகில் ஏற்றுவேன். ஐந்து நாட்கள் இப்படியே போயின. இதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

ஆறாம் நாள் காலை 9.46. ஆய்வாளர்களில் ஒருவரான பெண்ணின் கால் கடலடியில் கிடந்த பழைய வலையில் சிக்கியது. பதறி உதறிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி வேகமாக மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் நுரையீரலில் அடைபட்ட காற்று ரத்தத்தில் கலந்துவிடும். படகில் படுக்க வைத்ததும், "நெஞ்சு வலிக்குது. இடது கை இருக்கிற மாதிரியே தெரியலங்க" என்றார்.

குழாயையும் முகமூடியையும் பொருத்தினேன். திறக்கப் போனபோதுதான் கை அப்படியே நின்றது.

"சாவி எங்கங்க?" என்றார் படகோட்டி.

"ரூம்ல."

"எல்லாத்தயும் நோட்டுல எழுதுவீங்களே சார். சாவி எங்க இருக்குன்னு எழுதலியா?"

"எழுதியிருக்கேன். நாலாவது கொக்கி."

அவர் இன்ஜின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அது முழுக்க கிரீஸ். எண்ணெய்ப் பிசுக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சட்டையைக் கழற்றித் துடைத்தேன். போதவில்லை, மறுபடியும் துடைத்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரங்க? அந்தப் பொண்ணு மூச்சுக்குத் தவிக்குது."

ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை திருகு அசைந்து காற்று சீறியது. மணி 9.52.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் எப்போது கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "9.52க்கு. மேல வந்தது 9.46. சாவிய கரையில வச்சிட்டு வந்துட்டேன்" என்றேன். அவர் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இடது கையில் இரண்டு விரல்களுக்கு மட்டும் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஆறு நிமிடம்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். அவர் ஆமாம் என்றிருந்தால்கூட ஏதோ ஒரு விதத்தில் மனம் அடங்கியிருக்கும். கைக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைப்பதும் தொலைப்பதும் ஒன்றுதான் என்று, அந்தப் பெண்ணின் இரண்டு விரல்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.