கொக்குக் கதை விற்ற மருதை

மருதைக்குத் தொண்டை பெரிசு. பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ராஜகோபுரத்துப் புறாவெல்லாம் எழுந்து பறக்கும். நம்பாதவர்கள் புறாவைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியாருக்குப் பயந்து ஜன்னல் வழியாகக் குதித்தவர், அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே திரும்பவில்லை. அந்த மனுஷர்தான் இருபத்தெட்டு வருஷமாகப் புத்தகம் விற்றுவந்தார். கிளம்ப நிற்கும் துறையூர் பஸ்ஸில் முன்படியில் ஏறுவார். ஆளுக்கொரு படக்கதைப் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டே கடைசி சீட் வரை போவார். திரும்பி வரும்போது வேண்டியவர் காசு கொடுப்பார், வேண்டாதவர் புத்தகத்தைக் கொடுப்பார். சிலர் இரண்டையும் கொடுக்காமல் தூங்குவதுபோல் நடிப்பார்கள்.

புத்தகத்தின் பெயர் ‘எருமையும் கொக்கும்’. அச்சாபீசில் கறுப்பு மை தீர்ந்துவிட்டதோ என்னவோ, எருமை நீலமாக இருக்கும். அது சேற்றில் மாட்டிக்கொள்ளும். முதலை வரும். மற்ற மிருகமெல்லாம் ஓடிவிடும். கொக்கு மட்டும் எருமை முதுகை விட்டு இறங்காமல் முதலையின் கண்ணைக் கொத்தும்.

"பாருங்க சார், பாருங்கம்மா! கொக்கு என்ன எட இருக்கும்? முக்கா கிலோ! முதல? ஒரு லாரி லோடு! கொக்கு எறங்குச்சா? எறங்கலியே! சிநேகிதம்னா இதாங்க, தைரியம்னா இதாங்க. புள்ளைக்கு இப்பவே சொல்லிக் குடுங்க!"

பின்படியில் சீப்பும் சாவிக்கொத்தும் விற்கும் பரக்கத் அலி, "டேய் மருத, கொக்கு எறங்காட்டிப் போவுது, நீ எறங்குடா, வண்டி கெளம்புது!" என்று கத்துவார். பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் நாலு புத்தகம் போகும், இரண்டு சீப்பு போகும். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர்கூட சீப்பு வாங்கியிருக்கிறார்.

ஒரு வருஷம் மருதை மஞ்சள் காமாலையில் நாற்பது நாள் படுத்தார். அந்த நாற்பது நாளும் அவர் புத்தகத்தையும் பரக்கத் அலியே சேர்த்து விற்றார். என்ன, அவர் சொன்ன கதையில் கொக்கு முதலையை முழுசாகத் தின்றுவிட்டது.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இருவரும் கால் மணி நேரமாக டீக்கடையில் நின்று வம்பளந்தார்கள். பரக்கத் அலி முதலில் குடித்து முடித்து, பஸ் படியில் காலை வைத்தார். உள்ளே ஒரு பயணி அலறினார்.

"பர்ஸைக் காணோம்! இந்த சீப்புக்காரன்தான், இவ்வளவு நேரமா என் பக்கத்துலயே சுத்துனான்!"

யார் முதலில் அடித்தது என்று தெரியாது. சீப்பெல்லாம் தரையில் கிடந்தது. அந்தக் கும்பலுக்குள்ளிருந்து பரக்கத் அலி கத்தினார்: "மருத, சொல்லுடா! நான் உன்கூடதானடா நின்னேன்!"

மருதை இருபதடி தூரத்தில், கையில் டீ கிளாஸோடு நின்றார். பக்கத்தில் ஒருவன் திரும்பிப் பார்த்து, "என்ன, நீயும் அவன் ஆளா?" என்றான்.

மருதையின் தலை தானாக ஆடியது. "இல்லீங்க."

போலீஸ்காரர் ஒருவர் வந்து, "யாரும் கை வைக்கக் கூடாது, நான் விசாரிச்சுக்கறேன்" என்று கும்பலை விலக்கி, பரக்கத் அலியை ஸ்டாண்ட் மூலையிலிருந்த போலீஸ் பூத்துக்குக் கூட்டிப்போனார். மருதை பூத் வாசல்வரை மூன்று தடவை நடந்தார், மூன்று தடவை திரும்பினார். நாலாவது தடவை உள்ளே நுழைந்தே விட்டார். பெஞ்சில் உதடு வீங்கி உட்கார்ந்திருந்த பரக்கத் அலி சட்டென்று எழுந்து நின்றார்.

"என்னய்யா?" என்றார் போலீஸ்காரர்.

புறாவைப் பறக்கவிட்ட தொண்டையில் கொசுச் சத்தம்கூட வரவில்லை. அப்புறம் ஒருவழியாக வந்தது.

"புஸ்தகம் சார்... படக்கதை. பாப்பாவுக்கு."

"வேணாம்யா."

"சும்மா வச்சுக்குங்க சார்." புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு மருதை வெளியே வந்துவிட்டார்.

மத்தியானம் அந்தப் பயணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பர்ஸ் டிவி மேலேயே இருக்கிறதாம். பரக்கத் அலியை விட்டுவிட்டார்கள். மறுநாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அந்த மாசம் முழுக்க வரவில்லை. மருதை சோற்றைப் பிசைவார், அப்படியே கையைக் கழுவிவிடுவார்.

ஆனியில் ஒருநாள் பாலக்கரைக்குப் போய்ப் பரக்கத் அலி வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் மனைவி ரோஷன் பேகம் கதவைத் திறந்து, "வாங்கண்ணே" என்றதோடு அடுப்படிக்குப் போய்விட்டார். பரக்கத் அலி தரையில் உட்கார்ந்து சீப்புகளை அட்டையில் குத்திக்கொண்டிருந்தார்.

"பாய், தப்புப் பண்ணிட்டேன்."

"விடு மருத."

"வாய் விட்டுத் திட்டு பாய். ரெண்டு அடி வேணாலும் போடு."

"அடிச்சா மட்டும் உனக்குக் கொழுப்புக் கொறையவா போவுது?" பரக்கத் அலி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. சீப்பைக் கீழே வைத்தார்.

"அவனுங்க அடிச்சது அன்னிக்கே போச்சுடா. அவனுங்க யாரோ. நீ உள்ள வந்தப்ப, அப்பாடா, மருத வந்துட்டான்னு எந்திரிச்சு நின்னேன் பாரு. அப்புறம் திரும்ப உக்காரணும்ல? அதான்டா முடியல."

மருதை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"நான் இனிமே பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுல வித்துக்கறேன். நீ அங்க வராத" என்றார் பரக்கத் அலி.

மருதை நேராக பஸ் ஸ்டாண்ட் பூத்துக்குப் போனார். வேறொரு போலீஸ்காரர் இருந்தார், இளவயசு. மருதை கையைக் கட்டிக்கொண்டு, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்:

"சார், வைகாசியில பர்ஸ் காணாமப் போன அன்னிக்கு, பரக்கத் அலி என்கூட டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு சார். கால் மணி நேரம். நான் சாட்சி."

"யாருய்யா பரக்கத் அலி?"

"என் சிநேகிதன் சார்."

"சரி, அவருக்கு இப்ப என்ன?"

மருதை கட்டியிருந்த கையை இறக்கினார்.

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றார்.