மேரியக்கா நிக்காத ரெண்டு நிமிஷம்

இன்னிக்கு எங்க அம்பத்தூர் ஆபீஸ்ல, எல்லையில உயிர்விட்ட ராணுவ வீரர்களுக்காக ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி.

எல்லாரும் எழுந்து நின்னோம். ஹவுஸ்கீப்பிங் மேரியக்கா மட்டும் தரையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. நிறுத்தச் சொல்லி நான்தான் கையைக் காட்டினேன். அவங்க நிறுத்தல. எனக்குக் கோபம்.

முடிஞ்சதும் பேன்ட்ரிக்குப் போய், "ரெண்டு நிமிஷம் நிக்கக்கூடாதாக்கா?"ன்னு கேட்டேன்.

மாப் துணியைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "எம் புள்ள மிலிட்டரிலதாம்மா இருந்தான். செத்து நாலு வருசமாவுது. சும்மா நின்னா அழுதுருவேன். அதான் கையை நிறுத்தல. யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத, இன்னா?"

தலையாட்டிட்டு வந்தேன். சீட்ல உட்கார முடியல. பத்து நிமிஷம்கூடத் தாங்காம ஹெச்ஆர்கிட்ட சொல்லிட்டேன். நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

மூணு மணிக்கு மேரியக்காவை ஹால் நடுவுல நிறுத்தி சால்வை போட்டாங்க. ஒரே கைதட்டல். அக்கா அழுதுட்டாங்க. எல்லாரும் அதை போட்டோ எடுத்தாங்க. அழுகையோடயே என்னை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் சால்வையை மேசை மேல வெச்சுட்டு, வேப்பம்பட்டு ட்ரெயினைப் பிடிக்கக் கிளம்பிட்டாங்க.

அப்போலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. கூப்பிடலாம்னு போனை எடுக்குறேன், வெச்சுடுறேன்.

நாளைக்கு அவங்ககிட்ட மன்னிப்பு கேட்கணும். ஹெச்ஆருக்குத் தெரியாம எப்படிக் கேட்கிறதுன்னு யாராவது சொல்லுங்க. தெரிஞ்சா அதுக்கும் ஒரு கூட்டம் போட்டுடுவாங்க.