ஏழாம் நம்பரின் ரத்தம்

நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்து, ராமநாதபுரத்தில் ரத்தத்தில் மருந்தை அளக்கும் வேலைக்கு வந்தவள். இயந்திரம் காட்டும் எண்ணைத்தான் நம்புவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

நிலவேம்பிலிருந்து எடுத்த ஒரு சத்தைக் கேப்சூலில் அடைத்துப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்து, மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்திருந்தார்கள். எவ்வளவு சத்து ரத்தத்தில் சேர்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. அது துளியிலும் துளியாகத்தான் இருக்கும். அதைப் பிடிக்கிற முறையை நானே உருவாக்கினேன், இரண்டு வருஷ உழைப்பு, பெருமையாகவே சொல்கிறேன். ஆட்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, குழாயில் நம்பர் மட்டும்தான்.

முடிவு வந்தபோது ஏழாம் நம்பரின் மூன்றாம் மணி ரத்தத்தில் சத்து அடியோடு குறைந்திருந்தது, எட்டாம் நம்பருக்கு அதே மணியில் எகிறியிருந்தது. எங்கள் துறைத் தலைவர் அறிக்கையைத் தள்ளிவைத்தார்.

"உன் முறையிலதாம்மா கோளாறு. விட்டுரு, வேற முறையில பாத்துக்கிருவோம்."

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை, அந்த எண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவருகே ஒருவர் நின்றார். கைலி, நரைத்த மீசை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

"ஏழாம் நம்பர் நாந்தான் தாயி. என் ரத்தம் பக்கத்துக் குழாயில கெடக்கு, பாரு."

"அங்கனயே இருங்கய்யா, வாரேன்" என்று கையுறையைக் கழற்றிவிட்டுப் போவதற்குள் ஆளைக் காணோம். வாசலில் இருந்த காவலாளி, யாருமே உள்ளே வரவில்லை என்றார்.

எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் பார்த்தேன். ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை வைத்தே ரத்தப் பிரிவைக் கண்டுபிடிக்கலாம். ஏழாம் நம்பரின் மற்றக் குழாய்கள் எல்லாம் ஏ, மூன்றாம் மணிக் குழாய் மட்டும் பி. எட்டாம் நம்பருக்கு அப்படியே தலைகீழ். ரத்தம் எடுத்த இடத்தில் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். என் முறையில் ஒரு பிசகும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். தலைவர் இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்து நின்று, "நீதாம்மா சரி" என்றார். இன்றைக்கும் அங்கே என் முறையில்தான் அளக்கிறார்கள்.

அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? ரத்தம் எடுத்த நர்ஸ் பரிதாவிடம் கேட்டேன். "ஏழா? பாம்பன் முனியசாமி அண்ணன். எங்க தெருக்காரவுகதான்" என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனாள். அதே மீசை, அதே தழும்பு. ஆனால் எந்த நாள் என்று சொல்லி, வந்து சொன்னதற்கு நன்றி என்றதும், அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் அங்கன வரவே இல்லையே தாயி. அன்னைக்குப் பூராம் கடல்லதான கெடந்தேன்."

குழாய் மாறிய சங்கதியே அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அவரோடு படகில் போகிறவர், தலையை நிமிர்த்தினார்.

"ஆமா, கூடத்தான் இருந்தாரு. மத்தியானம் வலை இழுக்கையில நாக்கெல்லாம் நிலவேம்பாக் கசக்குதுன்னு தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அவர் கேப்சூலை விழுங்கி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தச் சத்து ஒரே நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும் என்று அளந்து எழுதிக் கொடுத்தவளே நான்தான்.