துபாயிலிருந்து ஒரு மருந்துச் சீட்டு

இன்று காலை தென்காசியில் ஒரு மெடிக்கலில் நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் கடையநல்லூர்க்காரப் பெண் ஒருவர். இடுப்பில் மூக்கொழுகும் மகள். கையில் போன், அதில் வீடியோ காலில் துபாய்க் கணவர். போன வருஷத்துச் சீட்டை நீட்டி, அதே ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கேட்டார்.

கவுன்டரில் இருந்த அக்கா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பழைய சீட்டுக்குத் தர மாட்டேன்மா. காய்ச்சல் இருக்கா? மூச்சு வாங்குதா?"

"இல்லக்கா, நல்லா விளையாடுதா. நேத்து ஐந்தருவில குளிச்சா, அதான் சளி. அவ வாப்பாதான் கேக்க மாட்டேங்காக."

போனுக்குள்ளிருந்து குரல் உயர்ந்தது. "கேட்ட மருந்தக் குடுங்க! நான் அங்கன இருந்தா சும்மா விட்டுருவேனா?"

அக்கா பயந்து எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ போனைக் கையில் வாங்கினார்.

"அண்ணே, தூரத்துல கெடந்து தவிக்கீங்க, தெரியுது. பிள்ளைய நல்லாப் பாருங்க. இது சும்மா சளி, தானா போயிரும். காய்ச்சல் வந்தா டாக்டர்ட்டக் காட்டட்டும்."

போனைக் குழந்தை பக்கம் திருப்பினார். அது அக்காவின் பேனாவைப் பிடுங்கிக் கொண்டிருந்தது.

பிறகு, "ஏட்டி, இங்கன பாரு, வாப்பா..." என்றார் கணவர். குரல் இறங்கியிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வேணும்?"

என் மகனும் நேற்று ஐந்தருவியில்தான் குளித்தான்; அவனுக்கும் சளி. அவனுடைய பழைய சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது.

"ஒரு பல் பிரஷ்" என்றேன்.

பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். என்னிடம் ஒரு பிரஷ் அதிகப்படியாக இருக்கிறது.