மீன் குழம்பு வாளியும் என் மசக்கையும்

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவளுக்கு மசக்கை வந்தால் கெட்ட பேர் கடைக்குத்தான். எனக்கு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு பரிமாறும் வேலை. மூன்று மாசம் முடிகிறவரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று மாமியார் உத்தரவு. நானோ "ரசம் வேணுமா" என்று கேட்கவே வெட்கத்தில் எச்சில் முழுங்குகிற ஆள். என்னை மாதிரி வாளியைக் கட்டிப்பிடித்து அழுத அக்கா தங்கச்சிகளே, கேளுங்கள்.

பூந்தொட்டி

ஏழாவது வாரம். ஒரு அங்கிள் இலையில் மீன் குழம்பு ஊற்றினேன். ஆவி மூக்கில் ஏறியது. வாளியை அவர் முன்னாலேயே வைத்துவிட்டு ஓடினேன். பின்கட்டுக்குப் போக நேரமில்லை. வாசல் பூந்தொட்டிக்குத்தான் அபிஷேகம். உள்ளே வரவிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். ஒருவர் மற்றவர் கையை இழுத்தார்: "வேற கடை பார்ப்போம் லா, இங்க வேலை செய்றவங்களுக்கே தாங்கல."

முதலாளி வைத்தியம்

"வயித்துக்கு ஆகல அண்ணே" என்று பொய் சொன்னேன். முதலாளி அண்ணன் வயிற்றுப்போக்குக்குப் போடும் கறுப்பு மாத்திரை கொடுத்தார். ஏப்ரன் பைக்குள் ஒளித்தேன். ஒரு வாரமாகியும் என் வாந்தி நிற்காததால் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. சுகாதாரத்துறை ஆள் வந்தால் கடையை மூடிவிடுவானே! சாப்பாட்டுக் கடையில் வேலை செய்ய கட்டாயம் போடும் டைபாய்ட் ஊசி, அதன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊசியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. அப்ப நீ என்னம்மா, எங்க குழம்பு மேல உள்ள கோபத்துல எடுக்கிறியா?"

முடி ஆராய்ச்சி

கிளாங்கில் எங்கள் வீட்டில், வீட்டுக்காரரை விட்டால் மாமியாருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை எடுத்தேன். பச்சைத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தினேன். எழுந்தால் கண் இருட்டியது. மாமியார் கவலையே படவில்லை: "பிள்ளைக்கு முடி அடர்த்தி, அதான் புரட்டுது. சந்தோஷப்படு."

கத்திக் கேட்ட கேள்வி

கடையில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள்; என் விஷயத்தை எப்போதோ ஊகித்திருந்தார். என் உதடு வெடித்திருப்பதைப் பார்த்ததும், அடுப்படியில் நாலு ஆம்பிளைகள் நிற்க, தொண்டை கிழியக் கத்தினார்: "ஏய், ஒண்ணுக்குப் போனியா?"

செத்துப் போகலாம் போலிருந்தது. நேற்றுக் காலையில் ஒரு தடவை, பால் ஊற்றாத கட்டித் தேத்தண்ணி நிறத்தில் என்று காதோடு சொன்னேன். அக்கா கையைக்கூடத் துடைக்கவில்லை. ஈரக்கையோடு என்னை கிளினிக்குக்கு இழுத்துப் போனார்.

எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. ஸ்கேனில் பிள்ளையின் துடிப்பைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் அது சாதாரண மசக்கை இல்லை, தாயைக் காய வைத்துவிடும் என்றார் டாக்டர். கையில் தண்ணீர் ஏற்றினார்கள். வாந்தி நிற்க மாத்திரை. படுக்கையை விட்டு எழும்புமுன் காய்ந்த பிஸ்கட். தண்ணீர் கரண்டி கரண்டியாக. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டார். மூன்று மாச ரகசியத்தைச் சொன்னேன். ஊசியில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "ரகசியம் காக்கலாம் தங்கச்சி, அதுக்கு மொதல்ல நீ உயிரோட இருக்கணும் லா."

ஊர் பார்க்க வாந்தி எடுக்க எனக்கு வெட்கமில்லை, டாக்டரிடம் சொல்லத்தான் வெட்கம். அந்த வெட்கத்தை இறக்க இரண்டு பாட்டில் தண்ணீர் ஏற்ற வேண்டியதாயிற்று.